ஒரு சார்ஜில் அச்சுவேலி போய் வருதல்

போன மாதம் கம்பனியிலிருந்து தொலைபேசி வந்தது. நான் ஓய்வுபெற்று ஒரு வருடமும் சில நாட்களும் ஆகின்றன. இடையில் ஒருவரும் எடுக்கவில்லை என்பதால், பிரியாவிடையில் தந்த சுவர்க்கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறார்களோ என்று யோசித்தேன். அப்படியில்லை. இப்போது வேலைப்பகுதியைப் பார்க்கும் இளம் பொறியியலாளர் பேசினார். மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு கைநூல் அச்சடிக்கிறார்களாம். ஒரு சார்ஜில் கூடிய தூரம் ஓடுவது எப்படி என்று அதில் ஒரு பக்கம். பத்துக் குறிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு வரிக்குள். உங்களை விட இதில் அனுபவமான ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லை என்றும் சொன்னார். என்னிடம் வேலை வாங்குவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ரயரில் காற்றுச் சரியாக இருக்க வேண்டும். பிறேக் உரசக் கூடாது. முறுக்குப் பிடியை முட்டைக்கோதைத் தொடுவதுபோலத் தொட வேண்டும். நாற்பதுக்கு மேல் ஓடக் கூடாது. தேவையில்லாத பாரம் ஏற்றக் கூடாது. வெயிலில் விடக் கூடாது. ஓடிவந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. ஏழு குறிப்பு ஏழு நிமிடத்தில் முடிந்தது. எட்டாவதில் கை நின்றுவிட்டது. எட்டாவதாக எழுத வேண்டியது நடராசா அண்ணையின் விடயம். அதை ஒரு வரியில் எழுத எனக்குத் தெரியவில்லை. ஏழை மட்டும் அனுப்பினேன். மிச்சம் மூன்றையும் பொறியியலாளர் தொழிற்சாலைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாராம். மூன்றும் மலை ஏறுவது பற்றியவை. குடாநாட்டில் மலையைத் தேடிப் பிடித்து ஏறுகிறவர்களுக்கு உதவும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிள் திருத்தும் ஒரு கராச்சில் சேர்ந்தேன். சண்டையால் பெற்றோல் இங்கே வராத காலம். சேலைன் குழாயால் நாலு துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வைப்பதுதான் நான் கற்ற முதல் வித்தை. புகையில் முன்னால் போகிறவர் தெரியமாட்டார். ஆனாலும் போய்ச் சேர்ந்தோம். பிறகு சண்டை முடிந்தது, கம்பனி வந்தது, எனக்கு நீலச் சட்டையும், வேலையாட்களை மேய்க்கும் போமன் என்ற பெயரும் கிடைத்தன. இத்தனை வருடத்தை நாலு வரியில் முடித்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். அதில் பெரும்பாலான நாட்கள் எஞ்சின் எண்ணெய் மாற்றிய நாட்கள்.

பெற்றோல் வரிசையில் நாடே நின்ற வருடத்துக்குப் பிறகு கம்பனி மின்சார மோட்டார் சைக்கிள்களை இறக்கியது. எங்கள் சனம் அள்ளிக்கொண்டு போனது. ஆனால் வண்டிதான் மாறியது, பழக்கம் மாறவில்லை. முதல் மாதத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நடுவழியில் நின்று எனக்கு அழைத்தார். சரித்தும் பார்த்துவிட்டாராம், ஏறுகுதில்லையாம். எதைச் சரித்தீர்கள் என்று கேட்டேன். வண்டியைத்தான் என்றார். பெற்றோல் முடிந்தால் வண்டியைக் கிடையாகப் படுக்க வைத்து, தாங்கியின் மூலையில் கிடக்கும் கடைசித் துளிகளை எஞ்சின் பக்கம் ஓட விடுவது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வேலை. அவர் அதையே பற்றறிக்குச் செய்திருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்த என் வேலையாட்களில் இரண்டு பேர் அதே கிழமை அதையே செய்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

அப்போது எங்கள் முகாமையாளர் பெனடிக்ற் சேர். கொழும்புத்துறைக்காரர், கடலோடிக் கத்தோலிக்கக் குடும்பம். என்னை விடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரைச் சேர் என்பேன், இதில் இரண்டு பேருக்கும் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கியதும் விடுமுறை கேட்டு வந்தவன் தானாகவே திரும்பிப் போய்விடுவான்.

அவருடைய சட்டைப்பையில் பேனை இருக்கும் இடத்தில் காற்றளக்கும் கருவி இருந்தது. எந்த முறைப்பாடு வந்தாலும் முதலில் காற்று. முன்னுக்கு இருபத்தெட்டு, பின்னுக்கு முப்பத்திரண்டு. பிறகு பின்சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றிவிட்டு அது தானாக நிற்கும்வரை வாய் திறக்காமல் பார்ப்பார். சீக்கிரம் நின்றால் பிறேக் உரசுகிறது. பிறகு சில்லின் நடுவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, மீற்றரால் அளந்து, கடைசியில் என்னை ஏற்றி விடுவார். வண்டி நிற்கும்வரை முப்பத்தைந்தில் ஓட வேண்டும். என்னைத் தெரிவு செய்ததற்குக் காரணம் என் திறமை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். தொழிற்சாலைப் பரிசோதனைக்கு எழுபத்திரண்டு கிலோ ஆள் வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதைப் பிறகுதான் கண்டேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஓட்டுகிறவரிடம் கேள்வி கேட்கலாம். வண்டி பொய் சொல்லாது, அதனால் அதை முதலில் விசாரி என்பது சேரின் முறை. வேலைச்சீட்டின் அடியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று வாகனக் குறை, மற்றது பாவனைக் குறை, அதாவது ஓட்டுகிறவரின் பிழை. இரண்டில் ஒன்றில் சரி போடாத சீட்டை அவர் வாங்க மாட்டார். மூன்றாவது ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்பது கம்பனியின் யோசனையில் இல்லை.

நடராசா அண்ணை வந்தது ஒரு தை மாதத்தில். வட்டுக்கோட்டையில் வெங்காயமும் மரவள்ளியும் போடுகிறவர், எழுபதைத் தொட்ட, ஒல்லியான மனிதர். எங்களிடம் வாங்கிய சிறிய வண்டி, வயது ஒன்றரை. விளம்பரத் தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

"தம்பி, உங்கடை பேப்பரிலை அறுபது எண்டு கிடக்கு. எனக்கு அறுபது வேண்டாம். முப்பத்தெட்டைத் தாங்கோ. மிச்சத்தை நீங்களே வைச்சிருங்கோ."

வண்டி முப்பத்துமூன்றில் நிற்கிறது. அவருக்குத் தேவை முப்பத்தெட்டு. ஏன் சரியாக முப்பத்தெட்டு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். மனைவி பூமணி அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆண் ஒருவர் தனியாகப் பார்க்க முடியாது என்று மகள் அச்சுவேலியில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இவரால் அங்கே போய் இருக்க முடியாது. வட்டுக்கோட்டையில் இரண்டு மாடும் தோட்டமும் நிற்கின்றன. சிக்கல் அதுவல்ல. பூமணி அக்கா மத்தியானச் சாப்பாட்டை இவருடைய கையால் தவிர வாங்க மாட்டா. மகள் ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்ளுவா. காலையும் இரவும் ஏதோ கொஞ்சம் கஞ்சி இறங்கும், உடம்பு நிற்பது அந்த மத்தியானச் சோற்றில்தான். ஆகவே ஒவ்வொரு நாளும் மத்தியானத்துக்கு அச்சுவேலி போய், பால் கறக்கும் நேரத்துக்கு வட்டுக்கோட்டை திரும்ப வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு தரம் மாற வேண்டும், போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். போக வர, தோட்டத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பதையும் சேர்த்து, முப்பத்தெட்டுக் கிலோமீற்றர்.

முறைப்படி தொடங்கினோம். காற்று குறைவாக இருந்தது, நிரப்பினோம். பின்பிறேக் கொஞ்சம் உரசியது, தளர்த்தினோம். சீற்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே காற்றடிக்கும் பம்பு, மழைக்கோட்டு, கயிறு, ஒரு பழைய ரியூப், இவற்றோடு சோடாப் போத்தல் ஒன்றில் பெற்றோல். பெற்றோலே குடிக்காத வண்டியில் பெற்றோல் எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டும் தம்பி, ஒரு தைரியத்துக்கு என்றார். வரிசையில் நின்ற வருடம் அவரை அப்படி ஆக்கியிருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுப் பின்கோடியிலும் இரண்டு போத்தல் இருந்தது.

எல்லாம் சரிசெய்து நான் ஓடிப் பார்த்தேன். நாற்பத்தேழு கிலோமீற்றர். அவர் ஓடினார். முப்பத்து நாலு. அதே வண்டி, அதே பற்றறி, என்னை விடப் பத்துக் கிலோ குறைந்த மனிதர். பதின்மூன்று கிலோமீற்றர் வழியில் எங்கேயோ சிந்துகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒருநாள் என் பழைய பெற்றோல் மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் போனேன்.

வட்டுக்கோட்டைச் சந்தி தாண்டியதும் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் கோயிலைக் கடக்கும்போது வண்டியில் போகிறவர்கள் ஒரு கையை நெஞ்சில் தொட்டுக்கொண்டு போவார்கள். நடராசா அண்ணை அப்படிப் போகவில்லை. நாற்பதில் வந்து, பிறேக்கை இறுக்கி, முற்றாக நிறுத்தி, காலை ஊன்றி, செருப்பைக் கழற்றி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, இழந்த நேரத்தைப் பிடிப்பதற்காக முறுக்கை முழுவதும் திருகினார். சண்டிலிப்பாய், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன் என்று அச்சுவேலிவரை நான் எண்ணிக்கொண்டு போனேன். பெரிய கோயில், மரத்தடிப் பிள்ளையார், மதவடியில் வெறும் சூலம் நட்டிருந்த வைரவர் எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது. திரும்பும்போது மறுபடி பத்தொன்பது. ஒரு வண்டிக்கு அதிகம் சக்தி பிடிப்பது நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்குத்தான். தொழிற்சாலைக்காரர் மலையைப் பற்றி மூன்று குறிப்பு எழுதினார்கள், எங்கள் பிள்ளையாரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பெனடிக்ற் சேரிடம் வந்து சொன்னேன். பாவனைக் குறை என்று எழுதலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார்.

"சண்டிலிப்பாய் பக்கத்திலை றோட்டோரம் மாதா சுருவம் ஒண்டு இருக்கல்லே. அதுக்கும் நிப்பாட்டினவரோ?"

"ஓம் சேர். பத்தொன்பதிலை அதுவும் ஒண்டு."

"அப்ப அதைக் குறை எண்டு எழுதேலாது" என்றார்.

ஆகவே நிற்பதை நிறுத்தச் சொல்லவில்லை, நிற்கும் விதத்தை மாற்றினேன். அதற்கு முன் ஏன் இப்படி நிற்கிறார் என்று அவரிடம் கேட்டேன். முந்தி நெஞ்சைத் தொட்டுக்கொண்டுதான் போனாராம். மனைவி விழுந்த நாளிலிருந்து அது போதாது என்று படுகிறதாம். கோயில் தெரிந்ததும் நூறு மீற்றருக்கு முன்பே முறுக்கை விட்டுவிடுங்கள், வண்டி தன் பாட்டில் உருண்டு வாசலில் போய் நிற்கும் என்று காட்டினேன். கும்பிட்டு முடிந்ததும் காலால் இரண்டு தரம் உந்தி, வண்டி நகர்ந்த பிறகு மெல்லத் திருக வேண்டும். ஒரு கிழமை பழகினார். அந்த வயதில் அவ்வளவு கவனமாகக் கற்றுக்கொண்ட ஒரு மனிதரை நான் வேறு காணவில்லை. எந்தக் கோயிலுக்கு எந்த மின்கம்பத்தில் முறுக்கை விட வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

முப்பத்தொன்பது வந்தது. தேவைக்கு மேல் ஒரு கிலோமீற்றர். நான் வேலைச்சீட்டில் பாவனைக் குறை என்ற பெட்டியில் சரி போட்டு, திருத்தப்பட்டது என்று எழுதி, அடியில் வழக்கத்தை விடப் பெரிதாகக் கையெழுத்து வைத்தேன். மாதாவை நினைத்தோ என்னவோ, சேர் ஒரு நிமிடம் அதைப் பார்த்திருந்துவிட்டுத்தான் வாங்கினார். அன்றைக்கு வேலையாட்களுக்கு என் செலவில் தேத்தண்ணியும் வடையும். இந்தத் தொழிலில் நான் அறியாதது இனி ஒன்றும் இல்லை என்ற எண்ணம் எனக்கு ஏறத்தாழ நாலு மாதம் இருந்தது.

வைகாசி பிறந்ததும் சோளகம் எழுந்தது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று. அச்சுவேலிக்குப் போகும்போது முதுகில் தள்ளும். அதனால் போகிற வழியில் மீற்றர் நன்றாகவே காட்டும், ஆளை ஏமாற்றும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். மலையில்லாத எங்கள் ஊருக்கு மலை அதுதான். முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் காற்றில் மோட்டார் சைக்கிள் ஓடிய எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. நான் பரிசோதித்தது தை மாதத்தில்.

சண்டிலிப்பாய் வயல்வெளியில் வண்டி நின்றுவிட்டது. நடராசா அண்ணை அதை எதிர்க்காற்றில் வட்டுக்கோட்டை வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்தநாள் முழங்கால் வீங்கி எழும்ப முடியவில்லை. அதற்கு அடுத்தநாளும் முடியவில்லை. மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கதிரையில் இருந்து முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு நாளும் அவ வாய் திறக்கேல்லையாம். கஞ்சியும் வேண்டேல்லை. வாசலைப் பாத்துக்கொண்டே கிடந்தவவாம். மகள் ரெலிபோனிலை அழுகிறாள். தம்பி, காத்துக்கு என்ன குறிப்பு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. திருத்தப்பட்டது என்று நான் எழுதிய சீட்டு அலுமாரியில் இருந்தது. அதைப் போய்க் கிழித்துவிட்டு வரலாம் போல இருந்தது. சேரின் அறைக்குப் போய்ப் புதுப் பற்றறி கொடுக்கலாமா என்று கேட்டேன். பற்றறியில் குறையில்லை என்பதை நான்தானே அளந்து எழுதியிருந்தேன். கண்ணாடியைக் கழற்றுவார் என்று பார்த்தேன். அவர் கழற்றவில்லை. ஜன்னலால் வெளியே இருந்த மனிதரைப் பார்த்தார்.

"அண்ணை, அச்சுவேலியிலை கரண்ட் இல்லையோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மாதமாகக் காற்றளந்தேன், சில்லுச் சுழற்றினேன், கோயில் எண்ணினேன். மகள் வீட்டில் ஒரு பிளக் பொயின்ற் இருக்குமே, சாப்பாடு கொடுக்கிற நேரத்தில் பற்றறியைக் கழற்றி அதில் போடலாமே என்று நான் கேட்கவில்லை. மறந்து கேட்காமல் விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்கும் கலியாணம் முடித்துக் கொடுத்த பெண் இருக்கிறாள். அவளிடம் போகும் நாட்களில் என் தொலைபேசியை வீட்டிலேயே முழுவதும் சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் புறப்படுவேன். மருமகன் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். அதனால்தான். அந்தக் கேள்வி என் மனதில் எழும்பும் முன்பே நான் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

வெளியே போய் நடராசா அண்ணையிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார்.

"மருமோன் நல்ல பெடியன். ஒரு குறை சொல்லேலாது. என்ரை மனிசியைக் கொண்டுபோய் அவற்றை வீட்டிலை கிடத்தியிருக்கிறன். அதுக்கு மேலை அவற்றை கரண்டிலை ஓடித் திரியிறதோ? நான் அங்கை அரை மணித்தியாலத்துக்கு மேலை இருக்கிறேல்லைத் தம்பி. தேத்தண்ணியும் குடிக்கிறேல்லை."

அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டேன். உள்ளே போய்ச் சேரிடம் சொன்னேன். அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பென்சிலால் எழுதத் தொடங்கினார். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தானே போய்க் கணினியில் தட்டிக் கொண்டுவந்தார். அதன் ஒரு வரி எனக்கு இன்றைக்கும் பாடம்: "மேற்படி வாகனத்தின் மின்கலமானது பயணத்தின் நடுப்பகுதியில், காற்றோட்டமுள்ள குடியிருப்பு வீடொன்றினுள், மூன்று மணித்தியாலங்களுக்குக் குறையாமல் மின்னேற்றப்படல் வேண்டும். தவறின் உத்தரவாதம் இரத்தாகும்."

இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று தெரிந்தும், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பெட்டி நிரப்பாத சீட்டை வாங்காத மனிதர் அவர்.

"பாதியிலை ஏத்தினா பற்றறிக்கு நல்லதோ, கூடாதோ?"

"நல்லது சேர்."

"அப்ப இதிலை என்ன பிழை?" என்று சொல்லி முத்திரையை எடுத்தார்.

இறப்பர் முத்திரைக்கு எங்கள் ஆட்களிடம் இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். நடராசா அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் ஒரு சலிப்பைக் கொண்டுவந்தார். கம்பனி சொன்னால் என்ன செய்வது என்றார். இதை மருமகனிடம் காட்டலாமா என்று கேட்டார். கட்டாயம் காட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். காப்புறுதிப் பத்திரத்தோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தச் சோளகம் முடியும்வரை வண்டி ஒருநாளும் வழியில் நிற்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எட்டாவது குறிப்பை நான் எழுதியிருப்பேன். ஐப்பசியில் அவர் மறுபடி வந்தார். இப்போது முறைப்பாடு வேறு. மூன்று மணித்தியாலம் என்று கடிதத்தில் இருக்கிறது, அச்சுவேலியில் ஐந்து மணித்தியாலம் செல்கிறது, சில நாட்களில் ஐந்தரை. எங்கள் வேலைத்தலத்தில் அதே பற்றறியை, அதே சார்ஜரை வைத்துப் பார்த்தோம். சொல்லி வைத்ததுபோல மூன்று மணித்தியாலம். வட்டுக்கோட்டை வீட்டிலும் அப்படித்தானாம். அப்படியானால் பிழை அச்சுவேலி வீட்டில். போய்ப் பாருங்கோ அண்ணை என்று சேர் சீட்டை நீட்டினார்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் பூமணி அக்கா தலையணைகளில் சாய்ந்திருந்தா. நரைத்த தலையை யாரோ அழகாக வாரி விட்டிருந்தார்கள். இடக்கைப் பக்கச் சுவரில், கட்டில் உயரத்தில் பிளக் பொயின்ற். அதனருகே முக்காலியில் பற்றறி, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நடராசா அண்ணை சோற்றைக் குழைத்துச் சின்னச் சின்ன உருண்டையாகக் கொடுத்தார். அவ ஒவ்வொன்றையும் மெதுவாக, ஒரு பருக்கை சிந்தாமல் வாங்கினா. மருமகன் வந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார். நடராசா அண்ணை தன்னுடையதை எடுத்துக் குடித்தார். நான் பார்ப்பதைக் கண்டதும், பற்றறி ஏறும்வரை சும்மா இருக்கேலாதே என்றார்.

மின்னழுத்தம் அளந்தேன், சரி. பிளக்கில் சூடில்லை. வயரிங் புதிது. சார்ஜருக்குள் போகும் மின்சாரம் புத்தகத்தில் இருக்கும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது. எனக்கு விளங்கவில்லை. நடராசா அண்ணை கோப்பையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார். அங்கே மருமகனோடு வாழைக்கன்று பற்றி ஏதோ கதைப்பது கேட்டது. நான் மீற்றரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பூமணி அக்கா இடக்கையை நீட்டினா. அவசரப்படவில்லை. சுவர்ச் சுவிச்சை விரலால் தேடி, அழுத்தி நிறுத்தினா. சார்ஜரில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தா. பயமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. தன் வேலைத்தலத்துக்குள் வந்த வெளியாளைப் போமன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தா. கிணற்றடியில் பேச்சு நின்று, படியில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து மறுபடி போட்டா. விளக்கு எரிந்தது. அவர் வெளியே போகும் போதும், கதிரையில் கண்ணயரும் போதும் இதுதான் நடந்திருக்கிறது. ஐந்து மணித்தியாலத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

நடராசா அண்ணை உள்ளே வந்து, பிழை பிடித்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். என் தொழிலில் கண்ட பிழையைக் காணவில்லை என்று நான் சொன்னது கிடையாது.

"அண்ணை, இஞ்சத்தை லைன் கொஞ்சம் பலவீனம். ஐஞ்சு மணித்தியாலம் செல்லத்தான் செய்யும். ஒண்டும் செய்யேலாது."

பூமணி அக்காவின் வாயில் இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

நடராசா அண்ணை வாசல்வரை என்னை வழியனுப்ப வந்தார். பால் கறக்க நேரம் பிந்துமே, மாடுகளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்குப் போன மாதமே பக்கத்து வீட்டில் ஆள் பிடித்துவிட்டேன் என்றார். பிறகு எதற்கு முறைப்பாடு கொண்டுவந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் ஒருதரம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தக் கடிதத்திலை மூண்டு எண்டு கிடக்கு. அதை ஐஞ்சு எண்டு மாத்தித் தரேலுமோ? மருமோன் ஒண்டும் கேக்கமாட்டார். எண்டாலும் எனக்கு ஒரு மரியாதை வேணுமெல்லே."

அவருக்குச் சுவிச்சைப் பற்றித் தெரியுமா? அந்தக் கேள்வியையும் நான் கேட்கவில்லை. முதல் தரம் கேட்காமல் விட்டதற்காக வெட்கப்பட்டேன். இந்தத் தரம் வெட்கப்படவில்லை.

திரும்பி வந்து வேலைச்சீட்டைச் சேரின் மேசையில் வைத்தேன். வாகனக் குறையிலும் சரி இல்லை, பாவனைக் குறையிலும் சரி இல்லை. கண்டதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சீட்டை வாங்கிக் கோப்பில் வைத்தார். பிறகு பழைய கடிதத்தைக் கணினியில் எடுத்து, மூன்று இருந்த இடத்தில் ஐந்து என்று தட்டி, அச்செடுத்துச் சீல் குத்தினார். முத்திரை கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மை தொட்டு, இன்னொரு தரம் அழுத்திக் குத்தினார்.